முற்றத்தைக் கொடுத்து வாங்கிய வெள்ள இன்சூரன்சு

1

போன வாரம் கல்லலிலிருந்து அண்ணன் கடிதம் வந்தது. மூன்று பக்கம். முதல் பக்கத்தில் நலம் விசாரிப்பு. இரண்டாம் பக்கத்தில் இந்த வருடமும் கண்மாய் நிறையாத விவரம். மூன்றாம் பக்கம் முழுக்க என்னைக் கேலி.

"தேவகி எழுதியிருந்தா. வெள்ளம் வந்துருமோன்னு வருசா வருசம் ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டுறீகளாமே. இங்குட்டு தண்ணி வரமாட்டேங்குதேன்னு கட்டுறதுக்கு ஏதாச்சும் கம்பெனி இருக்கான்னு மாப்பிள்ளைய விசாரிக்கச் சொல்லு தங்கச்சி. நான் மொத ஆளாக் கட்டுறேன். நம்ம ஊரே கட்டும்."

கடைசியில், ஊர்ச் சங்கத்து மலருக்கு அந்தக் கூத்தை நீயே எழுதி அனுப்பு, இங்கே இருக்கிறவர்கள் படித்துச் சிரிக்கட்டும் என்று எழுதியிருந்தார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடிதம் எழுதுவேன், மளிகைச் சீட்டு எழுதுவேன். நாலு பேர் பார்க்க எழுதியதில்லை. நாலு பேர் முன்னால் பேசியதும் இல்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. வெள்ள இன்சூரன்சு எடுப்பது என்று அன்றைக்குத்தான் முடிவானது. அதனால் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எழுதிவிடுகிறேன்.

2

நான் மலேயாவுக்கு, இந்தக் கிள்ளானுக்கு வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். அதற்கு முன்பே பல வருடமாக என் வீட்டுக்காரர் இங்கே தச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் தோட்டத்துப் பங்களாக்களுக்குக் கதவு, சன்னல், அலமாரி செய்து கொடுப்பார். நடுவில் மூன்று தடவை ஊருக்கு வந்து போனார். பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை தேவகி. அவளுக்கு ஐந்து வயது ஆனதும் எங்கள் இருவரையும் கப்பலில் அழைத்துக்கொண்டார்.

வந்து மூன்று வருடம் வாடகை வீடு. பிறகு ஆற்றை ஒட்டிய தாழ்ந்த பகுதியில் ஒரு பழைய பலகை வீடு விலைக்கு வந்தது. ஓட்டுக் கூரை, நல்ல தூண்கள். ஏன் மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆறு பக்கத்தில் இருக்கிறதே, இதைவிட என்ன வேண்டும் என்றுதான் நினைத்தோம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

எனக்கு மலாய் தெரியாது. சீனமும் தெரியாது. வாசலில் நின்றால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள் என்று பயந்து உள்ளேயே இருப்பேன். காற்றும் வெயிலும் வேண்டுமானால் தெருவுக்குத்தான் போக வேண்டும். அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். முன்வீட்டுக்கும் அடுப்படிக்கும் நடுவில் கிடந்த இடத்தின் இரண்டு பக்கமும் தாழ்வாரம் இறக்கி, நடுவில் வானம் தெரிகிற மாதிரி ஒரு முற்றம் கட்டிக் கொடுத்தார். ஒரு வருடம், லீவு நாட்களில் மட்டும் வேலை செய்து, வேறு ஆள் வைக்காமல்.

நம் பக்கத்து வீடுகளில் நான்கு பக்கத்துக் கூரையும் உள்நோக்கிச் சரிந்திருக்கும். பெய்கிற மழை முற்றத்தில் விழும். குடத்திலும் அண்டாவிலும் பிடித்தது போக மிச்சம், தூம்பு வழியாக வெளியே போய் ஊருணியில் சேரும். இவரும் அதே மாதிரிதான் செய்தார். முற்றத்தின் மூலையில் ஒரு தூம்பு வைத்து, அதைப் பின்பக்கத்து லொங்காங்கில் விட்டார். இங்கே பெரிய சாக்கடைக் கால்வாயை லொங்காங் என்பார்கள். அது நேராக ஆற்றில் போய்ச் சேருகிறது.

மழைத் தண்ணீரை வீட்டுக்குள் வரவழைத்துப் பிடிக்கிற ஊரில் பிறந்தவர் அவர். தூம்பு வழியாகப் போன தண்ணீர் திரும்பி வந்ததை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. கடலில் பெருக்கு வந்தால் கிள்ளான் ஆறு ஏறும், ஆறு ஏறினால் லொங்காங் ஏறும் என்பதை அவர் எப்படி யோசித்திருப்பார்?

அந்த முற்றம் எனக்கு எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை. தலை காய வைப்பது அங்கே, அரிசி புடைப்பது அங்கே, தேவகிக்குச் சடை போடுவது அங்கே. ஒரு வருடம் முழுக்க நான் தெரு வாசலைத் தாண்டாமல் இருந்ததுண்டு. குறையாகவே தெரியவில்லை.

3

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழிக் கடைசி. நாலைந்து நாளாக மழை விடவில்லை. என் வீட்டுக்காரர் தோட்டத்து வேலைக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. தேவகிக்குப் பள்ளி விடுமுறை. காலைச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

முற்றத்தின் மூலையில் களக் களக் என்று ஒரு சத்தம். பார்த்தால், தூம்பிலிருந்து தண்ணீர் மேலே வருகிறது. கறுப்பாக, குப்பையோடு. முதலில் தூம்பு அடைத்துக்கொண்டது என்று நினைத்துக் குச்சியை விட்டுக் குத்தினேன். இன்னும் வேகமாக வந்தது.

வாசலில் போய்ப் பார்த்தால் தெரு ஈரமாக இருக்கிறதே தவிர வெள்ளம் இல்லை. அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருக்கின்றன. எங்கள் வீட்டுக்குள் மட்டும் கணுக்கால் அளவு தண்ணீர்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொல்லிக் கத்தினேன். "ஆயர், ஆயர்." ஆயர் என்றால் தண்ணீர். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய், ஒரு கூஜா நிறையக் குடிக்கிற தண்ணீர் கொண்டுவந்து வேலி வழியாக நீட்டினார்.

தேவகி வந்துதான் விளக்கிச் சொன்னாள். அந்த அம்மாவும் அவர் மகன்களும் உடனே வந்துவிட்டார்கள். அரிசி மூட்டையை மேசை மேல் ஏற்றினார்கள். என் கல்யாணத்துக்குச் சீராக வந்த வெண்கலப் பானைகளை உயரத்தில் தூக்கி வைத்தார்கள். என் வீட்டுக்காரரின் கருவிப் பெட்டியை மட்டும் அசைக்க முடியவில்லை. அந்த அம்மாவுக்கு அன்றைக்கு நான் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. அப்போது சொல்லத் தெரிந்த வார்த்தை அந்த ஒன்றுதான்.

இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஆறு கரையைத் தாண்டித் தெருவுக்குள் வந்தது. பிறகு எல்லார் வீட்டுக்கும் ஒரே அளவு. இடுப்பு வரை. பள்ளிக்கூடத்து மாடியில் மூன்று நாள் இருந்தோம். என் வீட்டுக்காரர் எங்களைத் தேடி, பாதி வழி நடந்தும் பாதி வழி படகிலுமாக வந்து சேர்ந்தார். குளிரில் அவருக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது.

"வாசல் பக்கமா வந்துச்சா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில், உங்கள் தூம்பு வழியாக வந்தது, தெருவில் எல்லாருக்கும் முன்னால் நம் வீட்டுக்குத்தான் வந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பாவிடம் சொல்லாதே என்று தேவகியிடமும் சொல்லிவைத்தேன்.

வெள்ளம் வடிந்து வீட்டுக்குத் திரும்பினால், வாங்கி அடுக்கியிருந்த தேக்குப் பலகைகள் ஊறி வளைந்து கிடந்தன. கருவிகள் துருவேறிப் போயிருந்தன. பலகைகளைத் தூக்கித் தூக்கி அவருடைய வலது தோள் பிடித்துக்கொண்டது. இன்னும் சரியாகவில்லை. சேறு வழித்த படியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா தாங்காது தேவகி ஆத்தா. வித்துட்டுக் கப்பலேற வேண்டியதுதான்" என்றார். தேவகிக்கு அப்போது பள்ளி முடிய இரண்டு வருடம் இருந்தது. அவள் காதில் அது விழுந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

4

இன்சூரன்சு ஏஜெண்டு பரமசிவம் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கால்சட்டை, கழுத்துப்பட்டை, கையில் தோல் பை. அந்த வருடம் ஆற்றங்கரைத் தெருக்களில் அவருக்கு நல்ல வரவேற்பு.

அவர் சொன்னது இவ்வளவுதான். தீக்கு மட்டும் எழுதினால் கட்டணம் குறைவு, உடனே கிடைக்கும். வெள்ளத்தையும் சேர்த்து எழுதினால் கட்டணம் கூடுதல், அதுவும் கம்பெனி ஆள் நேரில் வந்து வீட்டைப் பார்த்துச் சரி என்றால்தான். எது வேண்டும் என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

"ரெண்டும் சேத்தே எழுதுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

பரமசிவம் விண்ணப்பப் பாரத்தை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வீட்டிலேருந்து ஆறு எவ்வளவு தூரம், அண்ணே?"

"பக்கத்துலதான். பின்னால நின்னு எட்டிப் பாத்தாத் தெரியும். தெருவிலேயே நம்ம வீட்டுக்குத்தான் ரொம்பக் கிட்ட."

"அண்ணே, அதை அவ்வளவு சந்தோசமாச் சொல்லாதீங்க. கம்பெனி ஆள் வரும்போது கொஞ்சம் வருத்தமாச் சொல்லுங்க."

கம்பெனி ஆள் அடுத்த வாரம் வந்தார். வயதான சீனர், கையில் குடை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். தூண்களைத் தட்டிப் பார்த்து, நல்ல வேலை என்று கட்டைவிரலைக் காட்டினார். பிறகு முற்றத்துக்கு வந்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். மூலைக்குப் போய்க் குனிந்து, குடை நுனியைத் தூம்புக்குள் விட்டார். குடை பாதி உள்ளே போனது. எழுந்து பரமசிவத்திடம் இங்கிலீசில் என்னவோ சொன்னார்.

பரமசிவம் தலையைச் சொறிந்தார். "அண்ணே, இந்த ஓட்டை இருக்கிற வரைக்கும் வெள்ளத்துக்கு எழுத முடியாதாம். ஆறு ஏறினா தண்ணி இது வழியா உள்ளே வருமாம்."

"அது தண்ணி வெளிய போறதுக்கு. உள்ள வாறதுக்கு இல்ல."

"அடைச்சிடுங்கன்னு சொல்றாரு."

"அடைச்சா மழைத் தண்ணி எங்க போகும்? முத்தம் தொட்டியாயிரும்."

"அதனாலதான், மேலேயும் கூரை போட்டு மூடணுமாம். தண்ணி தெருப் பக்கம் விழணுமாம். அப்படின்னா எழுதலாம்."

என் வீட்டுக்காரர் முகம் சிவந்துவிட்டது. "முப்பது வருசமா வேலை பாக்குறேன். வெள்ளம் வந்தது வாசல் வழியா. இது வழியா ஒரு சொட்டு வரல. எழுத முடியலேன்னா போகட்டும், தீக்கு மட்டும் எழுதுங்க. வீட்டுல இருக்கிறவளுக்குக் காத்து வேணும், வெளிச்சம் வேணும்னு கட்டுன முத்தம் இது. அத மூடமாட்டேன்."

எனக்காகத்தான் சொல்கிறார். அதுதான் என்னைச் சுட்டது. நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி, எனக்காகவே, இந்த வீட்டையும் தேவகியின் படிப்பையும் அடுத்த மழையிடம் விடப் போகிறார்.

ஆட்கள் முன்னால் நான் அவரோடு நேராகப் பேசியதில்லை. நம் பக்கத்தில் அது வழக்கமில்லை. பிள்ளை மூலமாகத்தான் சொல்லி அனுப்புவோம். பக்கத்தில் நின்ற தேவகியிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அப்பாட்டப் போய்ச் சொல்லு. முத்தத்த மூடிரலாம்னு அம்மா சொல்றாகன்னு."

"நான் சொல்ல மாட்டேன்."

"ஏண்டி?"

"நான் என்ன போஸ்ட்மேனா? அப்பா அஞ்சடி தள்ளி நிக்கிறாங்க. நீயே சொல்லும்மா."

"ஆளுக இருக்காக."

"இருந்தா என்ன, கடிச்சிருவாங்களா? அந்தத் தண்ணி எப்படி வந்துச்சுன்னு நீதானே பொய் சொன்னே. என்னையும் சொல்ல வேணாம்னே. இப்ப அதையும் நானா போய்ச் சொல்லணும்?"

சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள். இங்கிலீசுப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. கொஞ்ச நாளாகவே என் பேச்சு, என் பயம், கதவுக்குப் பின்னால் நிற்பது எல்லாமே அவளுக்கு எரிச்சல். அன்றைக்கு அவள் மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால் அவளைக் கும்பிட வேண்டும் போலிருக்கிறது.

முற்றத்தில் பரமசிவம் பாரத்தில் வெள்ளத்துக்கான இடத்தைக் கோடு போட்டு அடிக்கப் பேனாவைத் திறந்துவிட்டார்.

நான் வெளியே வந்தேன். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"மூடிருவோம்" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"நீ உள்ள போ. உனக்கு இதெல்லாம் தெரியாது" என்றார் என் வீட்டுக்காரர்.

"தெரியும்ங்க. தண்ணி அது வழியாத்தான் வந்துச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். தெருவுல யாருக்கும் வரல. நம்ம வீட்டுக்குத்தான் மொத வந்துச்சு."

பரமசிவம் பதறிப்போனார். "அம்மா, அதை இப்ப சொல்லணுமா?"

சீனர், என்ன, என்ன என்று கேட்டார். வேறு வழியில்லாமல் பரமசிவம் மொழிபெயர்த்தார். சீனர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். பரமசிவத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தத் தெருவில பதினாலு வீடு பாத்தாராம். எல்லாரும் எங்க வீட்டுக்குத் தண்ணியே வரலைன்னு சொன்னாங்களாம். சுவத்துல சேறு அப்படியே இருக்காம். வந்ததுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தானாம்."

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. மூலையில் போய்க் குந்தி, தூம்புக்குள் கையை விட்டுப் பார்த்தார். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"எம்புட்டு நேரம் முன்னால?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க நடுங்கிக்கிட்டு வந்தீக."

"நான் கேட்டனே. வாசல் பக்கமான்னு கேட்டனே."

"கேட்டீக. நாந்தான் மாத்திச் சொன்னேன்."

என் வீட்டுக்காரர் எழுந்து கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "வேலை செஞ்சவனுக்குத்தான் அது மொதத் தெரியணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பரமசிவத்திடம், "பதினஞ்சு நாள் கழிச்சு அவரக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

5

பதினோரு நாளில் மூடிவிட்டார். வலது கை தோளுக்கு மேல் போகாததால் உத்தரம் ஏற்ற மட்டும் பக்கத்து வீட்டு அம்மாவின் மகன்கள் வந்தார்கள். தூம்பைச் சிமிட்டி போட்டு அடைத்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். அவரும் கூப்பிடவில்லை. கூரையில் மூன்று இடத்தில் கண்ணாடி ஓடு வைத்துத் தந்தார். எந்த இடத்தில் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வைத்தார். அதற்கு முன் அந்த வீட்டில் ஒரு ஆணி எங்கே அடிப்பது என்று என்னைக் கேட்டதில்லை.

முதல் மழை வந்தபோது தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் எல்லாம் தெருப் பக்கம் விழுந்தது. எனக்குச் சொந்தமானதை யாரோ வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிற மாதிரி இருந்தது. அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு தலை காய வைக்க இடமில்லாமல் வாசலுக்கு வந்தேன். வாசலுக்கு வந்ததால் பக்கத்து வீட்டு அம்மாவோடு பேச வேண்டியதாயிற்று. இப்போது மலாயில் நாற்பது ஐம்பது வார்த்தை தெரியும். தேவகி என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். படித்து முடித்துத் துறைமுகத்தில் வேலைக்குப் போகிற பிள்ளை. அவளுக்குச் சிரிக்க இந்த வீட்டில் இடம் இருக்கிறது.

அண்ணனுக்கு ஒரு வார்த்தை. இத்தனை வருடம் கட்டியதில் ஒரு காசுகூடத் திரும்பி வரவில்லை. ஆறு இரண்டு தடவை எங்கள் படி வரை ஏறி நின்றுவிட்டுப் போய்விட்டது. கட்டிய பணம் வீண்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். மழை பெய்கிறபோது என் வீட்டுக்காரர் படுத்துத் தூங்குகிறார். வெள்ளத்துக்குப் பிறகு ஒரு வருடம் அவர் மழையில் தூங்கியதில்லை. நான் அதற்குத்தான் கட்டுகிறேன். கட்டும்போதெல்லாம் சந்தோசமாகத்தான் கட்டுகிறேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. கூரை முடிந்ததும் சீனரும் பரமசிவமும் மறுபடி வந்தார்கள். சீனர் அடைத்த மூலையைக் குடையால் தட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். பரமசிவம் பாரத்தை விரித்தார்.

"அண்ணே, வீடு உங்க பேர்ல இருக்கு, அது சரி. உள்ளே இருக்கிற சாமானுக்குத் தனியா எழுதணும். அது யாரு பேருக்கு?"

நான் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் போகத் திரும்பினேன்.

"அவ பேருக்கு எழுதுங்க" என்றார் என் வீட்டுக்காரர். "பானை சட்டியெல்லாம் அவளுக்குச் சீரா வந்தது. தண்ணி எந்த வழியா வருதுன்னு பாக்குறதும் அவதான்."

"அம்மா பேரு என்ன?"

என் வீட்டுக்காரர் என்னை இந்தா என்பார், இல்லையென்றால் தேவகி ஆத்தா என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவுதான். தேவகி சொல்வாள் என்று பார்த்தேன். அவள் வேண்டுமென்றே சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழகம்மாள்" என்றார் அவர். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

பரமசிவம் எழுதிக்கொண்டு பேனாவை என்னிடம் நீட்டினார். தமிழில் போடலாமா என்று கேட்டேன். சீனரிடம் கேட்டுவிட்டு, போடலாம் என்றார். முற்றமாக இருந்த இடத்தில், கண்ணாடி ஓட்டு வெளிச்சம் விழுந்த பக்கமாகப் பெட்டி ஒன்றைப் போட்டு, அதன் மேல் காகிதத்தை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி என் பேரை எழுதினேன். எழுதி முடிக்க ரொம்ப நேரம் ஆனது. மூன்று ஆண்களும் நின்றபடியே காத்திருந்தார்கள். ஒருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை.